கழற்றிய கதவு

எல்லைக்கு அப்பாலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்ததில் ஊரில் பாய்கள் தீர்ந்துபோயின. வீட்டுக் கதவுகளைக் கழற்றித் தரையில் போட்டுப் படுக்கச் சொன்னார்கள். செல்லத்தாயி வீட்டுக் கதவில், வந்தவர்களில் ஒருத்தியான யோகராணி கைக்குழந்தையோடு படுத்துக்கொண்டாள். கதவில்லாத வீட்டில் கூப்பிட்டுவிட்டு நுழைய என்ன இருக்கிறது? வெளியே போய்த் திரும்பினால் நிலையில் கைவைத்தபடி நேரே உள்ளே வந்துவிடுவாள்.

ஊர்க்கிணறு சேறாகக் கலங்கியபோது, மேற்கே உள்ள ஊர்களும் கொஞ்சம் கொஞ்சம் பேரை வைத்துக்கொள்ளட்டும் என்று பஸ் பிடித்து அவர்களை அனுப்பினார்கள். யோகராணியும் ஏறினாள். அன்று சாயங்காலமே செல்லத்தாயி கதவைப் பால் வாடை போகக் கழுவிக் காயவைத்து நிலையில் மாட்டினாள். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். நிம்மதியாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் பஸ் திரும்பி வந்தது. கூரைமேல் வாழைத்தார்கள், அரிசி மூட்டைகள், புதுப் போர்வைகள். ஜன்னல்களில் போனபோது இருந்த அதே முகங்கள்.

"சோத்துக்குக் கொறையே இல்ல மதினி," என்றான் பஸ் ஓட்டிப் போன சுடலை. "ஊருக்கு ஊரு ரோட்டுல மறிச்சி அள்ளி அள்ளிக் குடுத்தாவ. எறங்க மட்டும் விடல. அடுத்தது பெரிய ஊரு, அங்க போங்கன்னுட்டாவ."

செல்லத்தாயி வீட்டுக்குள் போனாள். கை தன்போக்கில் தாழ்ப்பாளைப் போட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் குழந்தை சிணுங்கியது. இத்தனை நாள் நேரே உள்ளே வந்துகொண்டிருந்தவள், கதவைத் தட்டினாள்.