மெல்ல விழுந்த அடி

துறைமுகம் வேண்டாமென்று சாலையில் அமர்ந்த மீனவப் பெண்கள், அடிபட்டாலும் கல்லெடுப்பதில்லை என்று மாதா சொரூபத்தின் முன் சத்தியம் செய்திருந்தார்கள். தடியடி உத்தரவு வந்ததும் இளம் போலீஸ்காரன் ஒருவன் முன்வரிசையில் இருந்த கித்தேரியம்மாளின் தோளில் லத்தியை மெல்ல வைத்து எடுத்தான்.

"என்னய்யா, தூசி தட்டுறியா? வேலை வேணுமா வேண்டாமா?" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"எக்கா, எந்திரிச்சுப் போயிருங்க," என்று கெஞ்சினான் அவன்.

"நீ ஓங்கு மக்கா, நான் பாத்துக்கிடுதேன்," என்றாள் கித்தேரியம்மாள்.

இரண்டாம் அடியும் பூப்போலத்தான் விழுந்தது. அவன் பிழைப்பு கெடக் கூடாதென்று, "ஐயோ, எலும்பு போச்சே!" என அவள் அலறினாள். பின்னாலிருந்த பெண்கள் நம்பிவிட்டார்கள். பறந்து வந்த கல் அவன் நெற்றியைப் பிளந்தது. அவனை மடியில் சாய்த்துக் காயத்தை முந்தானையால் அழுத்தினாள். மற்ற போலீஸ்காரர்களின் அடி அவள் முதுகில் நிஜமாகவே விழுந்தது. இன்னொரு கல் வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் வாயே திறக்கவில்லை.