பூசணிக்கு வேலையில்லை

சக்கரங்களின் மேல் ஒரு குட்டி வீடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. கண் படாமலிருக்க அதன் முன்னால் ஓர் எலுமிச்சம்பழம் மிளகாயோடு தொங்கியது.

ஒருநாள் வீட்டுக்காரர் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வீட்டை சிமெண்ட் அஸ்திவாரத்தில் நிரந்தரமாக இறக்கினார். வாசலில் மீசை வரைந்த திருஷ்டிப் பூசணி ஒன்றும் வந்து தொங்கியது.

"எலுமிச்சை வண்டிக்கு, பூசணி வீட்டுக்கு. சாஸ்திரம் அப்படி. கிளம்பு தம்பி" என்றது பூசணி.

"எந்தச் சாஸ்திரம் அண்ணே?"

"நான் படித்ததில்லை. எதிலாவது கட்டாயம் இருக்கும்."

எலுமிச்சை வீட்டிடம் முறையிட்டது. "இத்தனை தூரம் கூடவே வந்தேனே, நீயாவது சொல்லக் கூடாதா?"

"நான் இப்போது வீடு. வண்டிச் சகவாசம் எனக்கு எதற்கு?" என்றது வீடு.

சக்கரங்களையும் எலுமிச்சையையும் ஓர் இளநீர்க்காரர் வாங்கிப் போனார்.

வீடு நிமிர்ந்து நின்று காத்திருந்தது. ஓடிய நாளில் ஊரே அதைத் திரும்பிப் பார்த்தது. இப்போது யாரும் பார்க்கவில்லை. தெரு முழுக்க வீடுகள்தான். அவற்றில் மிகச் சிறியது இது.

"ஒருத்தராவது பொறாமைப்பட்டால்தானே எனக்குப் பிழைப்பு" என்று பூசணி அலுத்துக்கொண்டது.

சில நாளில் அதே சக்கரங்களில் இளநீர் வண்டி தெருவுக்குள் வந்தது. குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்கள். வீடு வைத்த கண் வாங்காமல் வண்டியையே பார்த்தது.

வண்டியின் முன்னால் தொங்கிய எலுமிச்சை பதறிப்போய்க் கத்தியது:

"பூசணி அண்ணே! உங்கள் வீட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். என் வண்டிக்குக் கண் பட்டுவிடும்!"