அறுநூற்றுப் பதினைந்து, நாலு, பதினேழு

அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் போன கரண்ட் திரும்பி வருகிறது. மேசை மேல் தையல் மிஷின் கனத்தில், கைப்பிடி வைத்த போர்ட்டபிள் கம்ப்யூட்டர் கிறீச்சிட்டு எழுகிறது. ஒரு சாண் அகலத் திரையில், தன் வயிற்றுக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கையே தெரியாது என்று பச்சை எழுத்தில் கைவிரிக்கிறது. உள்ளே பேட்டரி செத்து ஆறு மாதம். கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் அதன் நினைவும் போய்விடுகிறது. ஞானகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு அந்த டிஸ்க்கின் அளவு எண்களை மறுபடியும் தட்டுகிறாள்: சிலிண்டர் 615, ஹெட் 4, செக்டர் 17. பின்னால் நின்று முதலாளி வேதமுத்து பூரிக்கிறார்.

"உன் கை பட்டாத்தான் எந்திரிக்குது பாரு. நாளைக்கு இன்னாத்துக்கும்மா லீவு?"

"பட்டமளிப்பு விழா சார். எங்க ஊட்ல மொத டிகிரி. பத்து தபா சொல்லிட்டேன்."

"பட்டம் தபால்ல வராதா? நீ இல்லன்னா இது மக்கர் பண்ணும்மா."

"நம்பரத் தாள்ல எழுதி ஒட்டியிருந்தேனே, யாரு கிழிச்சது?"

"நான்தான். காஸ்ட்லி மிஷினு, அசிங்கமா இருந்துச்சு."

அவள் விருட்டென்று எழுந்து போகிறாள். வார்ப்படங்களில் ஜாப் நம்பர் எழுதும் மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடு திரும்பி வந்து, கம்ப்யூட்டரின் சாம்பல் நிற உச்சியில் மூன்று எண்களையும் விரல் உயரத்துக்கு எழுதுகிறாள். பதறித் துடைக்கப் போன வேதமுத்துவின் ஆள்காட்டி விரல் மஞ்சளாகிறது. ஏழின் வால் மட்டும் கொஞ்சம் நீள்கிறது.

"இப்ப நீங்களே தட்டலாம் சார்," என்கிறாள், டப்பாவை அழுத்தி மூடிக்கொண்டே. "காயட்டும், கை வெக்காதீங்க."