மாஸ்டரின் கைமணம்

“அப்பாவோட கைமணமே போயிடுச்சும்மா,” என்று மகள் தட்டைத் தள்ளினாள்.

ஓட்டலில் முப்பது வருஷம் மாஸ்டராக இருந்தவர். ஒரு மாதமாக வீட்டில் அவர் சமைப்பது உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது. எண்ணெய் இல்லை, காரம் இல்லை, எல்லாம் சின்னக் கிண்ணத்தில்.

“வயசாகுதுல்ல, விடுடி,” என்றாள் அம்மா.

அவளுக்கு உள்ளூர நிம்மதிதான். உடம்பு இளைக்க வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்வதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ‘என் சமையல்தான் உன்னைக் குண்டாக்குச்சா’ என்று மனுஷன் நொந்துபோவார். ஊசி ஆரம்பித்ததிலிருந்து வறுவல் வாசனை பட்டாலே குமட்டுகிறது. இந்தச் சப்பைச் சாப்பாடுதான் நாலு வாயாவது உள்ளே நிற்கிறது.

“போதுங்க,” என்றாள்.

மூன்றாவது கரண்டி வைக்காமல் விடாதவர், வற்புறுத்தவில்லை. மகள் எழுந்துபோனதும் கிண்ணங்களை அடுக்கியபடியே சொன்னார்:

“அந்த ஊசிய ஃப்ரீசர ஒட்டி வைக்காத. உறைஞ்சா வீணாப் போயிடும். முட்டைத் தட்டுக்குக் கீழ மாத்தி வெச்சிருக்கேன்.”

அவள் விழித்தாள்.

“ஒளிச்சு வைக்க ஒரு சமையல்காரனோட ஃப்ரிட்ஜுதான் கெடச்சுதா உனக்கு?”

“எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

“என் கைமணம் போன அன்னிக்கே.”