ஒத்திவைத்த அழுகை

பூங்கோதை வேலை பார்த்த நிறுவனத்துக்கு ஊழியர்களின் மனநலத்தில் அபார அக்கறை. அதனால் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டியிருந்தார்கள். வாரநாட்களில் வரும் கோபம், துக்கம், பதற்றம் எல்லாவற்றையும் அது பிடித்துவைத்து, விடுமுறை நாளான சனிக்கிழமை வீட்டில் விடுவிக்கும். வேலை வேறு, வாழ்க்கை வேறு அல்லவா?

செவ்வாய்க்கிழமை அவளுடைய அப்பா இறந்துபோனார். தகனம் முடிந்து புதன்கிழமையே வேலைக்கு வந்தவள், ஒரு வாடிக்கையாளரின் வசவு முழுவதையும் புன்னகையோடு கேட்டுக்கொண்டாள். மேலாளர் செல்வின் நெகிழ்ந்துபோய் அவளுக்கு ‘வாரத்தின் அமைதியாளர்’ பட்டம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அவரே கூப்பிட்டார்.

“நாளைக்கு அவசர வேலை ஒண்ணு வந்திருக்கு. உங்க அழுகையை அடுத்த சனிக்கு மாத்திக்கலாமா?”

“சரி சார்,” என்றாள். அவளுக்கு வருத்தம்கூட வரவில்லை.

வீட்டில் அம்மா தனியாக அழுதுகொண்டிருந்தாள். பூங்கோதை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அடுத்த சனிக்கிழமை நானும் அழறேம்மா.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரிடி, சேர்ந்தே அழலாம். அதுவரைக்கும் நான் அடக்கிக்கறேன்.”

அவளால் இரண்டு நிமிடம்கூட அடக்க முடியவில்லை. பூங்கோதை நிதானமாக எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.