வேலிக்கு ஒரு குடம்

ஊரே தண்ணீருக்கு அலைந்த கோடையில், யாரும் தண்ணீர் திருடிவிடாமல் இருக்க பாவாயி வீட்டுத் தொட்டியைச் சுற்றி மின்வேலி போட்ட மெக்கானிக், மண்ணில் அடித்த எர்த் கம்பியைக் காட்டிச் சொன்னான்: "இந்த எடம் ஈரமாவே இருக்கோணுங்கக்கா. காஞ்சு போச்சுன்னா ஷாக் அடிக்காது." அன்றிலிருந்து வீட்டுக்கு அரைக் குடம், வேலிக்கு ஒரு குடம் என்று மொண்டு மொண்டு பாவாயிக்கு வெறுத்துப்போயிற்று. இன்று குடம் தொட்டியின் அடியில் உரசியது. "இதுதான் கடைசி. இதையுமா மண்ணுல கொட்டச் சொல்றீங்க?" என்று புருஷனிடம் எரிந்து விழுந்தாள். செங்கோடன் பதறினான். "மெல்லப் பேசு. தொட்டி காலின்னு தெரிஞ்சா எவன் மதிப்பான்? ஊத்து." ஊற்றினாள். மண் ஒரே மூச்சில் குடித்துவிட்டது. செங்கோடன் டெஸ்டரை வேலியில் வைத்தான். சிவப்பு விளக்கு மின்னியது. அப்போது பக்கத்து வீட்டு ராசாமணி இடுப்பில் நிறைகுடத்தோடு வந்து வேலிக்கு வெளியே நின்றாள். "எங்க போர்ல தண்ணி வந்துருச்சுங்கக்கா. உங்களுக்கு ஒரு குடம் கொண்டாந்தேன். எப்படி உள்ள வர்றது?" பாவாயி வறண்ட உதட்டோடு புருஷனைப் பார்த்தாள். செங்கோடன் தொட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு வேண்டாம். நெறையக் கெடக்குது" என்றான்.