லவெர்ன் வாங்கிய தோட்டா

"வழக்கம்போல ஒரு டப்பாதானே, லவெர்ன்?"

கேட்டுக்கொண்டே கடைக்காரர் டூலி சிவப்புத் தோட்டா டப்பாவை எடுத்து வைத்தார்.

கூட வந்த மகள் மார்லா திடுக்கிட்டாள். அம்மா கோழித் தீவனம் வாங்க வந்திருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தாள்!

"யாருக்கும்மா இது?"

"உங்கப்பாவுக்குத்தான்."

"அப்பாவுக்கா? காலையில சாப்பிட்டோமா இல்லையான்னே அவருக்கு ஞாபகம் இல்ல!"

டூலி சிரித்தார். "கவலைப்படாதம்மா. உங்கப்பாவோட ரிவால்வர் ரெண்டையும் ஏத்துக்கும். சாதாரணக் குண்டும் போடலாம், வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவும் போடலாம். உங்கம்மா விவரமானவங்க, குண்டே வேணாம்னுட்டாங்க. குண்டு சுவரைத் துளைச்சுக்கிட்டுப் போயிடும். இதுக்குள்ள பொடிப்பொடியா ஈய ரவை. பத்தடிக்குள்ள சுட்டா அப்படியே சிதறும். திருடன் எழுந்திரிக்கவே மாட்டான்."



வண்டியில் ஏறியதும் மார்லா வெடித்தாள். "உனக்கென்ன பைத்தியமாம்மா? போன மாசம் தபால்காரரையே திருடன்னு துரத்தினவர் அவரு. அவர் கையில நீயே தோட்டாவைக் கொடுக்குறியா?"

"அது இல்லாம அவரால இருக்க முடியாது மார்லா."

"ஒளிச்சு வை. ஆத்துல தூக்கிப் போடு!"

"ஒளிச்சு வெச்சேன். ரெண்டு நாள் துணி அலமாரிக்குள்ள உட்கார்ந்துகிட்டு நடுநடுங்கினாரு. மூணாம் நாள் துப்பாக்கியைத் தேடிக்கிட்டு நெடுஞ்சாலைக்கே நடந்துட்டாரு. லாரிக்காரன் சட்டுனு பிரேக் போட்டதால பிழைச்சாரு."

"அதுக்காக? ஒருநாள் யாரையாவது கொல்லப் போறாரு. அந்தப் பாவம் உன் தலையிலதான் விடியும்."

லவெர்ன் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினாள்.

திங்கட்கிழமை தான் வசிக்கும் துல்சா நகரத்துக்குத் திரும்புவதற்கு முன்னால் ஊர்க் காவல் அதிகாரியான ஷெரீஃபிடம் சொல்லிவிட வேண்டும். அம்மா கோபித்துக்கொண்டாலும் சரி என்று மார்லா முடிவு செய்துகொண்டாள்.

வீடு வந்தது. அம்மா தீவன மூட்டையோடு கோழிக்கூண்டுப் பக்கம் போனாள். மார்லா மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு முன்கதவைத் திறந்தாள்.

"அங்கேயே நில்லு."

ஹாலின் மறுகோடியில் அப்பா ஹாய்ட் நின்றிருந்தார். இரண்டு கையாலும் ரிவால்வரைப் பிடித்திருந்தார். காப்பிக் கோப்பையைப் பிடித்தால் தடதடவென்று ஆடும் கைகள், இப்போது துளிக்கூட ஆடவில்லை.

"அப்பா, நான்தான். மார்லா."

"மார்லா பள்ளிக்கூடம் போயிருக்கா. யாருடி நீ?"

பை நழுவியது. முட்டைகள் உடைந்தன. பத்தடிகூட இருக்காது என்று அவள் மனம் கணக்குப் போட்டது.

"அப்பா, என் முழங்கைத் தழும்பைப் பாருங்க. குதிரையிலேர்ந்து விழுந்தேனே, நீங்கதானே தூக்கிட்டு ஓடினீங்க..."

"பொய் சொல்றே! எம்பொண்ணை என்ன பண்ணினே? எங்கே அவ?"

அவர் கண்ணில் இருந்தது கோபமில்லை. பயம். அதைப் பார்த்ததும் மார்லாவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

பின்கதவு திறக்கும் சத்தம்.

"அம்மா, வராதே!"

அப்பாவின் கட்டைவிரல் ரிவால்வரின் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தது. 'கிளிக்.'

அடுத்து, 'பட்!'

நெஞ்சில் ஏதோ வந்து அடித்தது. மார்லா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு சட்டையைத் தடவினாள். ரத்தத்தின் பிசுபிசுப்பைத் தேடிய விரல்களில் நறநறவென்று ஏதோ பட்டது.

கண்ணைத் திறந்தாள். மஞ்சளாக, பொடிப்பொடியாக... சோள ரவை!

லவெர்ன் அவளைத் தாண்டி நேராக அவரிடம் போனாள். "திருடன் ஓடிட்டான், ஹாய்ட். நல்லா விரட்டிட்டீங்க."

"மார்லா?"

"பத்திரமா இருக்கா."

அவர் முகம் மலர்ந்தது. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, ஒரு பெரிய கடமையை முடித்தவர்போல் போய் நாற்காலியில் சாய்ந்தார்.

மார்லா அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள். லவெர்ன் புது டப்பாவைப் பிரித்து, தோட்டாவின் மடித்த வாயைக் கத்தியால் நெம்பினாள். ஈய ரவையும் கறுப்பு வெடிமருந்தும் வேறு வேறு டின்னுக்குப் போயின. உள்ளே சோள ரவையைக் கொட்டி, வாயை மறுபடி மடித்து, மேலே ஒரு சொட்டு மெழுகு விட்டாள்.

"குண்டுன்னா என்னால பிரிக்க முடியாது. இதைப் பிரிக்கலாம். அதான் இதையே வாங்குறேன். அடியில இருக்கிற சின்னப் பொட்டுவெடி மட்டும் 'பட்'டுன்னு வெடிக்கும். காது மந்தமான மனுஷனுக்கு அது போதும். தினமும் எங்கேயும் இல்லாத திருடனுங்க ரெண்டு பேரை விரட்டிட்டு நிம்மதியா இருக்காரு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா!"

"வெளியில தெரிஞ்சா டூலி வாய் சும்மா இருக்குமா? ஊரே சிரிக்கும். இந்த வீட்டுக்குத் தான்தான் காவல்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. அதையும் பிடுங்கணுமா?"

மார்லா தன் சட்டையில் ஒட்டியிருந்த ரவையைப் பார்த்தாள்.

"சரி, இது ஆளைக் கொல்லாதுன்னு உனக்கு எப்படி நிச்சயமா தெரியும்? யாராவது சொன்னாங்களா?"

"யாரைப் போய்க் கேக்க?" லவெர்ன் அடுத்த தோட்டாவைக் கையில் எடுத்தாள். "முதன்முதலா அடைச்ச அன்னிக்கு, நானே திருடி மாதிரி அவர் எதிரே போய் நின்னு பார்த்தேன்."